மதிய மாத்திரையும் விளமீன் குழம்பும்

பிப்ரவரி 12, ஞாயிறு

டெல்பினுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. முதலில் இதை எழுதிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. மாப்பிள்ளை பெயர் ரோலண்டு, சொந்த ஊர் மணப்பாடு, இங்கே தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. முப்பத்தாறு வயது வரை "பார்க்கலாம்மா, பார்க்கலாம்மா" என்று இழுத்தடித்த என் மகள், இன்று அவன் சொன்ன ஏதோ ஒரு சொத்தை ஜோக்குக்கு வாய்விட்டுச் சிரித்தாள். பையனை எனக்குப் பிடித்துப்போக அது போதும்.

இயேசுவின் பாடுகளை நினைக்கும் நாற்பது நாள் தபசு காலத்தில் கோவிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதனால் பாஸ்கு, அதாவது ஈஸ்டர் பண்டிகை, கழிந்து ஏப்ரல் 24 என்று பங்குச் சாமியார் நாள் கொடுத்தார்.

எல்லோரும் போன பிறகு டெல்பின் அவள் அப்பாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்ப்பா. கோவில் வாசல்ல இருந்து பீடம் வரைக்கும் நீங்க என் கையப் பிடிச்சு நடந்து வரணும். வீல்சேர் வேண்டாம்."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். பார்க்கின்சன் நோய் வந்ததிலிருந்து அவர் முகம் சிரிப்பதையும் அழுவதையும் மறந்துவிட்டது. கண் மட்டும்தான் மிச்சம். அது நிறைந்திருந்தது.

மதியம் விளமீன் குழம்பு, கணவாய் வறுவல், அவித்த முட்டை, தயிர். பக்கத்தில் உட்கார்ந்து முள் எடுத்துக் கொடுத்தேன், ஒன்றையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். முடித்ததும் வழக்கம்போல ஒரு டம்ளர் பாலோடு மாத்திரை கொடுத்தேன். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குடல் புண்ணாகும் என்பது ஊருக்கே தெரிந்ததுதானே. கொஞ்ச நேரத்தில் குளியலறை வாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. மேலுடம்பு முன்னால் போகிறது, பாதம் வர மறுக்கிறது. நானும் டெல்பினும் இரண்டு பக்கமும் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தோம்.

"கண்ணூறுதான், வேறென்ன?" என்றார் ரீத்தா மதினி. இவருடைய அக்கா. உலகத்தில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும்.

பிப்ரவரி 15, புதன்

கஸ்பார் மச்சாது என்கிற என் வீட்டுக்காரரின் நடையை ரோலண்டு பார்த்ததே இல்லை என்று இன்று துணி மடிக்கும்போது தோன்றியது. அது நடையா? எங்கள் கல்யாணத்தன்று கோவிலை விட்டு வெளியே வந்ததும், பழக்க தோஷத்தில் விறுவிறு என்று முன்னால் போய்விட்டார். நான் பட்டுப்புடவையோடு பத்தடி பின்னால். "ஏலே கஸ்பாரு, பொண்டாட்டிய விட்டுட்டுப் போற!" என்று மாமியார் கத்தினார்கள். திரும்பி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊரே சிரித்தது. எனக்கு மானம் போனது, ஆனால் அந்தக் கை நன்றாக இருந்தது.

துறைமுகத்தில் வின்ச் ஓட்டினார். கப்பலிலிருந்து மூட்டைகளைத் தூக்கி இறக்கும் வேலை. மதியச் சாப்பாட்டுக்குச் சைக்கிளில் வீட்டுக்கு வந்துவிடுவார். தெரு முனையிலேயே வாசனை பிடித்து, "ஊளி மீனா இன்னைக்கு?" என்று கேட்டுக்கொண்டே மணியடிப்பார். ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை. இந்த நோய் முதலில் கொண்டுபோனது அந்த மூக்கைத்தான். கை நடுக்கம் பிறகுதான் வந்தது.

இன்னும் நான் எதை வைத்தாலும் "நல்லாருக்கு" என்கிறார்.

பிப்ரவரி 18, சனி

காலையில் இரண்டு முட்டை, பாதாம் பால். மதியம் ஆட்டுக்கால் சூப்பு, நெய்மீன் பொரித்தது. சாயந்திரம் சுண்டல். மனையியல் ஆசிரியையாகக் கான்வென்ட் பள்ளியில் காலம் தள்ளியவள் நான். "உடலைக் கட்டுவது புரதம்" என்று கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! மனிதர் மெலிந்துகொண்டே போகிறார். கல்யாணத்துக்குள் இவரைத் தேற்றி நிறுத்தாவிட்டால் நான் படித்த படிப்பு எதற்கு?

பகல் முழுக்க இறுக்கம்தான். டம்ளரைக்கூடத் தூக்க முடியவில்லை. டெல்பின் போனில் யாரிடமோ வீல்சேர் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டாள்.

அவர் கூடத்தில் இருந்தார், நான் அடுப்படியில். அசையாத அந்த முகத்துக்கு எதிரில் சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வராது. அடுப்படியில் எப்போதும் வேலை கிடக்கிறது.

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

நேர்ச்சை வைத்துவிட்டேன். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். தபசு முடியும் வரை இந்த வீட்டுக்குள் மீன், கறி, முட்டை, பால், தயிர் எதுவும் வராது. பருப்புக்கூட ரசத்துக்கு ஒரு கை, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடலாம் என்று கோவிலே சொன்னாலும் எனக்கு வேண்டாம். கடற்கரையில் பிறந்தவளுக்கு மீனை விடுவதுதான் தவம். ஆண்டவர் அவர் பங்குக்கு இவரை நடக்க வைக்கட்டும்.

"உங்களுக்கும் சேத்துதான் நேந்திருக்கேன். தாங்குவீயளா?" என்று கேட்டேன்.

"நீ சொன்னா சரி" என்றார்.

அவர் கண்ணில் ஒரு நிம்மதி தெரிந்ததுபோல் இருந்தது. விரதத்துக்கு யாராவது நிம்மதிப்படுவார்களா? என் கண்ணாடியை மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 25, சனி

கஞ்சி, துவையல். சுரைக்காய்க் கூட்டு. விடியற்காலைப் பூசைக்கு இருவரும் போய் வருகிறோம். ஆட்டோவில் ஏறி இறங்க வேண்டுமே என்று கிளம்புவதற்கு முன்பே வெந்நீரில் மாத்திரையைக் கொடுத்துவிடுகிறேன். பூசை முடிந்து வந்துதான் கஞ்சி. வெறும் வயிற்றில் கொடுக்கிறோமே என்று பயமாகத்தான் இருக்கிறது. நேர்ச்சைக்காகப் போடுவதால் ஒன்றும் செய்யாது என்று நினைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 3, வெள்ளி

சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொண்டார்.

மார்ச் 8, புதன்

இன்று கூடத்திலிருந்து அடுப்படிக்கு நடந்து வந்து என் பின்னால் நின்றார். செருப்புச் சத்தம் கேட்டு டெல்பின் என்று நினைத்து, "தேங்காயத் திருவுளா" என்று திரும்பாமலே சொன்னேன். பதிலைக் காணோமே என்று திரும்பிப் பார்த்தால் இவர். கையில் தேங்காய்! அழுதுவிட்டேன். எதற்கு அழுகிறாய் என்று கேட்டார். வெங்காயம் என்றேன். வெங்காயமே நறுக்கவில்லை.

டெல்பின் ஆபீஸிலிருந்து வந்ததும் அவளுக்கு நடந்து காட்டினார். வாசலிலிருந்து பின்கட்டு வரை. அவள் வீல்சேர்க்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

மார்ச் 20, திங்கள்

சூசையப்பர் திருநாள். கோவிலில் அசனம். ஊர் கூடிச் சாப்பிடும் விருந்து, ஆட்டுக்கறிக் குழம்பு. திருநாளில் தபசு விதி தளர்வு என்று சாமியாரே சொன்னார். ரீத்தா மதினி இலையில் போட்டுக்கொண்டே இருந்தார். தட்ட முடியவில்லை.

வீட்டுப் படியில் கால் கட்டிக்கொண்டது. அப்படியே நின்றார். மதினி நெஞ்சில் அடித்துக்கொண்டு, "நேர்ச்சைய மீறிட்டோமே!" என்றார். இலையில் போட்டது அவர், மீறியது நாங்களாம். ஆனாலும் உள்ளே போய்ச் சிலுவைக்கு முன்னால் முழந்தாளிட்டேன். ஆண்டவரே, இனி ஒரு துளி மோர்கூடக் கொடுக்க மாட்டேன்.

மார்ச் 22, புதன்

கஞ்சி. மறுபடியும் நடக்கிறார். மன்னிப்புக் கிடைத்துவிட்டது.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

பவனியில் ஓலையைப் பிடித்துக்கொண்டு கோவிலைச் சுற்றி நடந்தார். பிடிக்க யாரும் தேவைப்படவில்லை. துறைமுகத்தில் இவரோடு வேலை பார்த்தவர்கள் வந்து தோளைத் தட்டினார்கள். "கஸ்பாரு, மறுபடியும் வின்ச் ஏறலாம் போலயே!" என்றார் ஒருவர். ரீத்தா மதினி பெண்கள் கூட்டத்தில் என் நேர்ச்சையைப் பற்றிப் பிரசங்கமே வைத்துவிட்டார். கல்யாணம் முடிந்ததும் இவர் கோவிலில் மைக் பிடித்து இந்த அற்புதத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டுமாம். எனக்குக் கர்வமாக இருந்தது. தபசு காலத்தில் கர்வம் கூடாது, தெரியும். இருந்தாலும் இருந்தது.

திரும்பி வரும் வழியில் கொஞ்சம் வேகமாக நடந்து என்னை முந்திக்கொண்டு போனார். வேண்டுமென்றேதான். நின்று திரும்பிப் பார்த்துக் கையை நீட்டினார். எங்களுக்கு இருபத்தைந்து வயது போலிருந்தது.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

சிலுவையை முத்தமிட அவரே முழந்தாளிட்டார், அவரே எழுந்தார்.

ஏப்ரல் 9, பாஸ்கு

அல்லேலூயா! வீடு முழுக்க மசாலா வாசனை. நேர்ச்சைக்காகக் கட்டிப்போட்டிருந்த என் கையை இன்று அவிழ்த்துவிட்டேன். ஆட்டுக்கறிப் பிரியாணி, விளமீன் குழம்பு, முட்டை மசால், தயிர்ப் பச்சடி. ரோலண்டு வீட்டாரும் வந்திருந்தார்கள். இவருக்கு முன்னால் தட்டை வைத்தேன். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சாப்பிட ஆரம்பித்தார். எவ்வளவு ஆசையை அடக்கி வைத்திருந்தாரோ பாவம்! முடிந்ததும் பாலும் மாத்திரையும் கொடுத்தேன்.

ஏப்ரல் 10, திங்கள்

விழுந்துவிட்டார். கூடத்தில் திரும்பும்போது கால் கட்டி, முகம் குப்புற. உதடு கிழிந்து மூன்று தையல். நேற்று சாயந்திரமே இறுக்கம் தொடங்கிவிட்டது. விருந்தாளிகள் முன்னால் அப்படி ஆனதை எழுத வெட்கப்பட்டுக்கொண்டு நேற்று எழுதாமல் விட்டேன்.

ஏப்ரல் 11, செவ்வாய்

நல்ல சாப்பாடு கொடுத்துத் தேற்றப் பார்க்கிறேன். சூப்பு, முட்டை, மீன். மோசம். நேற்றைவிட மோசம்.

டெல்பின், "விடும்மா, வீல்சேர்லயே வரட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அழும்போது குழாயைத் திறந்துவிடும் பழக்கம் அவளுக்குச் சின்னதிலிருந்தே உண்டு.

கோவிலுக்குப் போகவில்லை. பிள்ளைக்கு மிட்டாயைக் கையில் கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொள்வதுபோல் இருக்கிறது இது. இதற்கு நடக்க வைக்காமலே இருந்திருக்கலாம். என் கோபத்தை எழுதித்தான் வைக்கிறேன், ஆண்டவருக்கும் தெரியட்டும்.

ஏப்ரல் 13, வியாழன்

திருநெல்வேலிக்குப் போய்ப் புது நரம்பு டாக்டரைப் பார்த்தோம். பெயர் நஸ்ரின். எங்கள் டெல்பின் வயதுதான் இருக்கும். ரம்ஜான் நோன்பில் இருந்தார், உதடு காய்ந்திருந்தது, ஆனாலும் அவசரப்படாமல் கேட்டார். மாத்திரையை மாற்றச் சொல்லித்தான் போனேன். அவரோ மாத்திரையைப் பற்றிப் பேசாமல் சாப்பாட்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். எப்போது, என்ன, எதோடு. நானும் பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

"மாத்திரைய எப்பவுமே சாப்பாட்டுக்குப் பிறகு, பாலோடயா தர்றீங்க?"

"ஆமா டாக்டர். ஆரம்பத்துல இவங்க வாந்தி எடுத்தாங்க, பழைய டாக்டர் சாப்பாட்டோட குடுக்கச் சொன்னாங்க."

"அப்ப அது சரிதான்மா. இப்ப வேற மாதிரி." அவர் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "முழுங்குன மாத்திரை வயித்துல கரையும். ஆனா அங்க இருந்து ரத்தத்துல சேராது. வயித்தத் தாண்டி, சிறுகுடல் ஆரம்பிக்கிற இடத்துக்குப் போகணும். அங்க இந்த மருந்துக்குன்னு தனி வாசல் கிடையாது. மீன், கறி, முட்டை, பால் எல்லாம் செரிச்சு வர்ற புரதம் உள்ள போற அதே வாசல்லதான் இதுவும் போகணும். அது கூட்டமா வந்து நின்னா, இது வெளியதான் நிக்கும். தப்பித் தவறி ரத்தத்துக்குப் போனாலும், மூளைக்குள்ள நுழையுறப்ப மறுபடியும் அதே தள்ளுமுள்ளு."

"பிரியாணி சாப்பிட்டா?"

"எண்ணெயும் கறியும் சேந்தா வயிறே லேசுல கீழ அனுப்பாது. மாத்திரையும் அதோட அங்கயே கிடக்கும். சிறுகுடலுக்கே போகலன்னா எப்படி வேலை செய்யும்?"

"அப்ப என் நேர்ச்சை?" என்று கேட்டேன். எனக்கே என் குரல் சின்னப் பிள்ளைக் குரலாகக் கேட்டது.

அவர் சிரிக்கவில்லை. "நேர்ச்சை இல்லன்னா நீங்க மீன நிறுத்தியிருப்பீங்களா? எதால நடந்துச்சுன்னு நான் சொல்றேன். யாரால நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்" என்றார்.

பிறகு இவர் பக்கம் திரும்பி, "சார், சாப்பிட்ட பிறகுதான் கால் கட்டுதுன்னு உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டார். இவர் மின்விசிறியைப் பார்த்தார். பாவம், எதையும் எடுத்துச் சொல்ல வருவதில்லை இவருக்கு.

இனிமேல் மாத்திரை சாப்பாட்டுக்கு நன்றாக முன்னால், வெறும் தண்ணீரில். குமட்டினால் ஒரு பிஸ்கட். பகலில் கஞ்சி, சோறு, காய்கறி. புரதத்தை நிறுத்திவிடக் கூடாது, உடம்பு உருகிவிடும். மீனோ கறியோ ராத்திரிச் சாப்பாட்டில். படுக்கப் போகிறவர் எங்கே நடக்கப் போகிறார்?

ஏப்ரல் 14, வெள்ளி

சமைக்கவில்லை. டெல்பின் இட்லி வாங்கி வந்தாள்.

வாந்தி நின்ற பிறகாவது ஒரு வார்த்தை டாக்டரிடம் கேட்டிருக்கலாம். அதைவிட இது வலிக்கிறது: இவர் மெலிய மெலிய நான் பிடிவாதமாக அள்ளி அள்ளி வைத்திருக்கிறேன், அந்த ஒவ்வொரு கவளமும் மருந்தின் வழியை மறித்து நின்றிருக்கிறது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பாத்திரங்கள் மேல் காட்டினேன். சத்தம் கேட்டுக் கூடத்திலிருந்து, "ஏ செசிலி" என்று கூப்பிட்டார். போகவில்லை.

ஏப்ரல் 17, திங்கள்

நடக்கிறார். கூட்டமில்லாத வாசலில் மருந்து உள்ளே போகிறது. ரீத்தா மதினியிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்த வாசலத் தொறந்ததே ஆண்டவர்தானே" என்றார். சாட்சி சொல்வது ரத்தாகவில்லையாம்.

ஏப்ரல் 21, வெள்ளி

அழைப்பிதழ் எல்லாம் கொடுத்து முடிந்தது. புடவைக்குப் பிளவுஸ் இறுக்கம், தையல்காரியிடம் சண்டை. இவர் தினமும் டெல்பின் கையைப் பிடித்துத் தெரு முனை வரை ஒத்திகை பார்க்கிறார். "மெதுவாப்பா, ரோலண்டு எங்கயும் ஓடிர மாட்டான்" என்கிறாள் அவள்.

ஏப்ரல் 25, செவ்வாய்

நேற்று எழுத நேரமில்லை. இன்று வீடு வெறிச்சென்று கிடக்கிறது, எழுதலாம்.

காலையில் ஐந்தரைக்கே எழுப்பி மாத்திரை கொடுத்தேன். பிறகு இட்லி இரண்டு, சர்க்கரை தொட்டு. பூசை பத்து மணிக்கு. கிளம்பும்போது அடுத்த மாத்திரை. அதற்குள் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கட்லெட்டும் பால் கோவாவும் கொண்டு வந்து நீட்டினார்கள். ஒருத்தரையும் கிட்ட விடவில்லை. "என்ன செசிலி, மாப்பிள்ளைக்குப் பொண்ணத் தரப்போற மனுசனுக்கு ஒரு வாய் திங்கக் குடுக்க மாட்டியா?" என்று மணப்பாட்டுப் பெரியம்மா ஒருத்தி கேட்டாள். கேட்கட்டும்.

கோவில் வாசலில் ஆர்கன் ஒலித்ததும் இவர் ஒரு நொடி நின்றார். பிறகு வலது காலை எடுத்து வைத்தார். அடுத்தது இடது. டெல்பின் அவர் கையைப் பிடித்திருந்தாள் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். நான் பின்னால் வந்தேன், எனக்குத் தெரியும், இவர்தான் அவளைப் பிடித்துக்கொண்டு போனார். அவள் அழுது அழுது தடுமாறிக்கொண்டிருந்தாள். பீடத்துக்கு முன்னால் அவள் கையை ரோலண்டு கையில் வைத்தார். நடுங்கத்தான் செய்தது. அந்த இடத்தில் எந்த அப்பன் கைதான் நடுங்காது?

மதியப் பந்தியில் இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிரியாணி, விளமீன் குழம்பு, பொரித்த மீன். இவர் இலையில் மட்டும் சோறும் ரசமும் அவரைக்காயும் போடச் சொன்னேன்.

"மீன் போடு" என்றார்.

"ராத்திரிக்கு எடுத்து வச்சிருக்கேன்."

"இப்பப் போடு. நடக்க வேண்டிய நட நடந்தாச்சு."

"கால் கட்டிக்கிடும்ங்க. டாக்டர் சொன்னது மறந்துட்டுதா?"

"டாக்டர் என்ன சொல்லுதது? எனக்கு அது எப்பவோ தெரியும்."

எனக்குப் புரியவில்லை. "எது தெரியும்?"

"மீன் தின்னா கால் கட்டும், கஞ்சி குடிச்சா கட்டாதுன்னு. என் காலுல்லா? எனக்குத் தெரியாதா?"

"பின்ன வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீய? ஏன் சொல்லல?" என்று கத்திவிட்டேன். பந்தியில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் குரல் இப்போதெல்லாம் மெலிந்துதான் வரும். குனிந்து கேட்டேன்.

"சொன்னா நீ மீன் ஆக்க மாட்ட. மீன் ஆக்குனாத்தான் முள் எடுத்துக் குடுக்கப் பக்கத்துல உக்காருவ. கஞ்சிய வச்சுட்டு அடுப்படிக்குப் போயிருவ."

இதை எழுதவே கை வரவில்லை. ஆனால் எழுதிவிட்டேன்.

பரிமாறுகிற பையனிடமிருந்து கரண்டியை வாங்கி நானே இவர் இலையில் மீன் வைத்தேன். நல்ல நடுத்துண்டு. முள் எடுத்து எடுத்துக் கொடுத்தேன், மெதுவாகச் சாப்பிட்டார். பந்தி எழுந்தது, அடுத்த பந்தி உட்கார்ந்தது, அதுவும் எழுந்தது. எதிர்பார்த்தபடி இவர் கால் கட்டிக்கொண்டது. டெல்பின் வழியனுப்பும் நேரத்தில் எங்களைத் தேடிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்கே ரோலண்டோடு வந்தாள். இவரால் எழுந்திருக்க முடியவில்லை என்று பார்த்ததும் அந்த ஈரத் தரையில் பட்டுப்புடவையோடு முழந்தாளிட்டு ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டாள். "வீல்சேர் கொண்டு வரச் சொல்லட்டாம்மா?" என்று கேட்டாள். வேண்டாம், நாங்கள் இருந்து வருகிறோம் என்றேன்.

கார் கிளம்பும் சத்தம் கேட்டது. மேசை துடைப்பவர்கள் எங்கள் மேசையை விட்டுவிட்டு மற்றதைத் துடைத்தார்கள். நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருந்தேன்.